மூச்சு வாங்குபவர் ஏன் நடக்க வேண்டும்?

பத்துப் படி ஏறினாலே நின்று மூச்சு வாங்குகிற ஒருவரிடம் மருத்துவர் தினமும் நடக்கச் சொல்லும்போது, உடன் வந்த வீட்டாருக்கு அந்த அறிவுரை முரணானதாகவே படுகிறது. கால் சுளுக்கினால் காலுக்கும் கண் வலித்தால் கண்ணுக்கும் ஓய்வு கொடுத்துப் பழகிய மனம், நுரையீரல் கெட்டால் நுரையீரலுக்கும் ஓய்வு வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. நோயாளர் இதை எண்ணிப் பார்க்கக்கூட வேண்டியதில்லை. நடந்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தால் தணிகிறது என்பதை அவருடைய உடலே நாள்தோறும் அவருக்குக் கற்பிக்கிறது. அப்படியிருக்க, உலகின் பல நாடுகளில் மருத்துவர்கள் இத்தகையோரின் இடுப்பில் காலடிகளை எண்ணும் சிறு கருவியை மாட்டி, போன வாரத்தைவிட இந்த வாரம் கூடுதலாக நடக்கச் சொல்வது எதற்காக? ஒரு வெறும் எண் மூச்சு முட்டும் மனிதரை நடக்கவைக்க முடியுமா?

உள்ளே சிக்கும் காற்று

இங்குப் பேசப்படும் நோய் 'நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்', மருத்துவமனைகளில் சி.ஓ.பி.டி. என்ற ஆங்கில எழுத்துச் சுருக்கத்தால் வழங்கப்படுவது. புகையிலைப் புகையோ விறகு, சாண எரிபொருள்களின் புகையோ தொழிலிடத் தூசியோ ஆண்டுக்கணக்கில் உள்ளே செல்லும்போது மூச்சுக்குழாய்கள் தடித்துச் சுருங்குகின்றன. காற்று நுண்ணறைகளின் மெல்லிய சுவர்கள் சிதைந்து, நுரையீரல் தன் மீள்தன்மையை இழக்கிறது. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி 2021ஆம் ஆண்டில் இந்நோயால் இறந்தவர்கள் ஏறத்தாழ 35 லட்சம் பேர்.

இந்நோயில் காற்றை உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவதே பெரிய சிக்கல் என்பது பலருக்கும் வியப்பளிக்கும். நலமான ஒருவர் முழுமூச்சு இழுத்து வேகமாக ஊதினால், தம்மால் வெளியேற்றக்கூடிய காற்றில் பத்தில் ஏழு பங்குக்கும் மேலாக முதல் வினாடியிலேயே ஊதிவிடுவார். மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்து கொடுத்த பிறகும் அந்த அளவை எட்ட முடியாதவருக்கு அடைப்பு நிலைத்துவிட்டது என்று மருத்துவர் முடிவு செய்கிறார். ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே நேரம் இருப்பதால், மெதுவாக வெளியேறும் காற்றும் எப்படியோ வெளியேறிவிடுகிறது. நடக்கத் தொடங்கினால் மூச்சின் வேகம் கூடி அந்த இடைவெளி சுருங்குகிறது. பழைய காற்று முழுதும் வெளியேறும் முன்பே புதிய காற்று உள்ளே வர, ஒவ்வொரு மூச்சிலும் சிறிது சிறிதாகக் காற்று தேங்கி மார்பு உப்புகிறது. இதனை 'இயக்கக் காற்றுத் தேக்கம்' எனலாம். இந்த உணர்வை யாரும் அறிந்துகொள்ள முடியும்: மார்பு நிறைய மூச்சிழுத்து, அதில் பாதியைக்கூட வெளிவிடாமல், அந்த நிறைந்த நிலையிலேயே சிறு சிறு மூச்சாக அரை நிமிடம் விட்டுப் பார்த்தால் போதும்.

நுரையீரலிலிருந்து தொடைக்கு

இந்த இளைப்பை ஒருமுறை உணர்ந்தவர் மறுமுறை அதைத் தவிர்க்கவே முயல்வார். மாடிக்குப் போவது நிற்கும். பிறகு கடைக்குப் போவது நிற்கும். பிறகு தெருமுனை வரை போவதும் நிற்கும். பெல்ஜியத்தின் லூவன் நகரில் ஃபாபியோ பிட்டாவும் உடன் ஆய்வாளர்களும் 2005இல் வெளியிட்ட அளவீடு இதை எண்ணிக்கையாகக் காட்டியது. உடலில் பொருத்திய அசைவுமானிகளைக் கொண்டு 50 நோயாளர்களையும் 25 நலமான முதியோரையும் ஒப்பிட்டபோது, முதியோர் நாளொன்றுக்குச் சராசரியாக 81 நிமிடம் நடந்தார்கள், நோயாளர்கள் நடந்தது 44 நிமிடம் மட்டுமே. அந்த நடையும் மெதுவானதாக இருந்தது.

நடை குறையும்போது பழுதாவது நுரையீரல் அன்று, தொடைத் தசை. பயன்படாத தசை மெலிகிறது என்பது மட்டுமன்றி அதன் தன்மையும் மாறிவிடுகிறது. ஆக்சிஜனைக் கொண்டு நெடுநேரம் சோர்வின்றி உழைக்கும் தசைநார்கள் குறைந்து, விரைவில் களைத்துப்போகும் நார்களின் பங்கு கூடுகிறது. இத்தகைய தசை சிறிய வேலைக்கே லாக்டிக் அமிலத்தை உண்டாக்குகிறது. அந்த அமிலத்தைச் சமன்செய்யும்போது கூடுதலாக உண்டாகும் கரியமில வாயுவை வெளியேற்ற வேகமாக மூச்சுவிட வேண்டியிருக்கிறது. வேகமாக மூச்சுவிட்டால் காற்று தேங்குகிறது. ஆக, நோயாளர் நுரையீரலின் குறை என்று நம்புகிற இளைப்பில் ஒரு பகுதி உண்மையில் காலிலிருந்து வருகிறது. சிதைந்த நுண்ணறைகளை எந்த மருந்தும் மீட்டுத் தராது என்றாலும், தசையைத் திரும்பப் பெற வழி உண்டு.

இதனை மெய்ப்பித்தவர்களுள் முதன்மையானவர் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ரிச்சர்ட் காசபூரி. அவருடைய குழு 1991இல் வெளியிட்ட ஆய்வில், பயிற்சி பெற்ற நோயாளர்களின் நுரையீரல் அளவுகள் மாறவில்லை; ஆயினும் அதே அளவு வேலைக்கு அவர்களுடைய இரத்தத்தில் லாக்டிக் அமிலம் குறைவாகவே ஏறியது, அதற்கேற்ப மூச்சுத் தேவையும் குறைந்தது. காலுக்கு அளித்த பயிற்சியின் பலன் மார்பில் தெரிந்தது என்பதே இதன் சாரம். டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகர மக்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வின் தரவைக் கொண்டு யூதித் கார்ஸியா-ஐமெரிச் 2006இல் வெளியிட்ட கட்டுரை, வாரத்துக்கு இரண்டு மணி நேரமேனும் நடந்தோ சைக்கிள் ஓட்டியோ வந்த நோயாளர்கள் மருத்துவமனையில் சேர நேரும் வாய்ப்பு, அசையாதிருந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக இருந்ததைக் காட்டியது. நோய் கடுமையாக இருப்பவர் குறைவாக நடப்பார் என்பதும் உண்மையாதலால், இத்தகைய ஒப்பீடுகளில் எது காரணம் எது விளைவு என்று முழுவதுமாகப் பிரித்துவிட முடியாது. காசபூரியின் ஆய்வு போன்ற நேரடிச் சோதனைகள் உடனிருப்பதாலேயே இதற்கு வலுக் கூடுகிறது.

இடுப்பில் ஓர் எண்ணி

நடப்பது நல்லது என்று தெரிந்துவிட்டால் நடந்துவிடுவார்கள் என்று கருதுவது மருத்துவத்தின் பழைய மயக்கம். 'கொஞ்சம் கூடுதலாக நடங்கள்' என்ற சொல்லில் எந்தக் கொஞ்சம், எதைவிடக் கூடுதல் என்பது இல்லை. முந்தைய நாள் எவ்வளவு நடந்தோம் என்று நினைவிலிருந்து சொல்லச் சொன்னால், நலமானவர்களின் விடையே அளவீட்டிலிருந்து வெகுவாக விலகுகிறது. இந்த இடத்தில்தான் நடைமானி, அதாவது பெடோமீட்டர் எனப்படும் காலடி எண்ணும் கருவி, பயன்படத் தொடங்குகிறது. பழைய வகையில் இடுப்புவாரில் மாட்டிய பெட்டிக்குள் வில்சுருளில் தொங்கும் சிறு நெம்புகோல் ஒவ்வோர் அடிக்கும் ஒருமுறை ஆடி மின்சுற்றைத் தொடும். இன்றைய கைப்பட்டைகளிலும் கைப்பேசிகளிலும் அசைவை உணரும் நுண்சில்லு அதே வேலையைச் செய்கிறது.

நடைமானியைப் பற்றிப் பேசும்போது பத்தாயிரம் என்ற எண் கூடவே வந்துவிடுகிறது. டோக்கியோ ஒலிம்பிக் நடந்து முடிந்த மறு ஆண்டு, 1965இல், யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் 'மான்போ-கே' என்ற கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பத்தாயிரம் அடி மானி என்பது அப்பெயரின் பொருள். எண் மனத்தில் நிற்கும்படி இருந்தது, அதனால் நின்றுவிட்டது. அமெரிக்காவின் முதிய பெண்களை ஆராய்ந்து ஐ-மின் லீ 2019இல் வெளியிட்ட முடிவில், நாளுக்கு ஏறத்தாழ 4,400 அடி நடந்தவர்களுக்கே 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. நுரையீரல் நோயாளரின் கையில் பத்தாயிரம் என்ற இலக்கைத் திணிக்கும் கைப்பேசிச் செயலி அவரை ஊக்குவிப்பதில்லை. அவர் தோற்றுவிட்டார் என்று தினமும் இரவு அவருக்கு அறிவிக்கிறது.

கருவிக்கும் குறைகள் உண்டு. இடுப்பில் மாட்டும் நெம்புகோல் வகைக் கருவிகள் மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குக் குறைந்த நடையில் பல அடிகளைத் தவறவிடுகின்றன. காலைத் தேய்த்து நடப்பவருக்கும் தள்ளுவண்டி பிடித்து நடப்பவருக்கும் கணக்கு இன்னும் குறையும். கையில் கட்டும் பட்டையோ, வண்டியைப் பிடித்த கை அசையாததால் நடையையே உணராமல் விட்டுவிடும். கடுமையாக நோயுற்றவரே மிக மெதுவாக நடப்பவர் என்பதால், யாருக்குக் கணக்கு மிகவும் தேவையோ அவருக்கே அது மிகவும் தவறும். ஆயினும் ஒரே கருவியை ஒரே இடத்தில் மாட்டினால் தவறும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். இன்றைய எண்ணை அதே மனிதரின் போன வார எண்ணோடு ஒப்பிடுகிறவரை அதனால் பெரிய கேடில்லை. அடுத்தவரின் எண்ணோடு ஒப்பிடும்போதுதான் கருவி ஏமாற்றும்.

ஒரு கணக்கு

கற்பனையான ஒரு நோயாளரை எடுத்துக்கொள்ளலாம்: அறுபத்தைந்து வயது, நடுத்தர அளவு நோய், சமதளத்தில் தம் வயதினரோடு சேர்ந்து நடக்க முடியாத இளைப்பு. அவரிடம் முதல் வாரம் எந்த இலக்கும் சொல்லாமல், வழக்கம்போல் இருக்கச் சொல்லிக் கருவியை மட்டும் கொடுக்கிறார்கள். ஏழு நாள் கணக்கு இவ்வாறு வருவதாகக் கொள்ளலாம்: 3,150, 2,400, 3,600, 1,050, 2,900, 3,300, 2,500. மூன்றாம் நாள் அவர் மருத்துவமனைக்குப் போய்வந்தார். நான்காம் நாள் மழை. கூட்டுத்தொகை 18,900, ஏழால் வகுத்தால் நாளுக்கு 2,700. இதுவே அவருடைய தொடக்க அளவு.

இங்கே இரண்டு தவறுகள் எளிதில் நேரும். ஒன்று, மிகச் சிறந்த நாளான 3,600ஐ அடிப்படையாகக் கொள்வது. அவ்வாறு செய்தால் அவர் வாரத்தில் ஆறு நாள் தோற்கத் தொடங்குவார். மற்றொன்று, மழை நாளை விதிவிலக்கு என்று நீக்கிவிடுவது; மழையும் வாழ்க்கையின் பகுதியே என்பதால் அடுத்த வாரங்களிலும் அது வரும். சராசரி இரண்டையும் தாங்கிக்கொள்கிறது.

முதல் இலக்கு 3,000, அதாவது 300 அடி கூடுதல். நிமிடத்துக்கு 80 அடி என்ற மெதுநடையில் இது நான்கு நிமிடம்கூட இல்லை. ஓர் அடியை அரை மீட்டராகக் கொண்டால் 150 மீட்டர். அதையும் ஒரே மூச்சில் நடக்க வேண்டியதில்லை. காலையில் நூறு, பகலில் நூறு, மாலையில் நூறு என்று பிரித்தால், ஒவ்வொன்றும் வீட்டு வாசலிலிருந்து இருபத்தைந்து மீட்டர் தள்ளியுள்ள இடம் வரை போய்வரும் நடை. 'தினமும் நடங்கள்' என்ற அச்சமூட்டும் கட்டளை இவ்வாறு வாசலில் மூன்று சிறு நடைகளாகிவிடுவதுதான் எண்ணிக்கை செய்யும் வேலை. வாரத்தில் பெரும்பாலான நாள்களில் இலக்கை எட்டினால் அடுத்த வாரம் 3,300, பிறகு 3,600, இலக்கு வைத்து நடக்கத் தொடங்கிய நான்காம் வாரம் 3,900. எட்டாவிட்டால் அதே இலக்கு இன்னொரு வாரம் தொடரும்.

நான்கு வாரத்தில் சேர்ந்த 1,200 அடி பெரிதா, சிறிதா? லூவனைச் சேர்ந்த ஹெலீன் டெமேயரும் உடன் ஆய்வாளர்களும் 2016இல் செய்த கணிப்பில், நாளுக்கு 600 முதல் 1,100 அடி வரையிலான உயர்வே இந்நோயாளர்களுக்குப் பொருள்படும் மாற்றத்தின் எல்லை என்று கண்டார்கள். நலமானவர் கடைத்தெருவுக்கு ஒருமுறை போய்வருவதில் கரைந்துவிடும் எண் அது.

ஐந்தாம் வாரம் அவருக்குச் சளி பிடித்து, இளைப்பு முற்றி, நாளுக்கு 1,300 அடியாகச் சரிந்துவிடுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். இந்நோயில் இத்தகைய திடீர்த் தீவிரம் அரிதன்று. நோயாளர் நடையை ஒரேயடியாகக் கைவிடுவதும் பெரும்பாலும் இதற்குப் பின்னரே. தேறியதும் 3,900க்குத் திரும்ப முயல்வது தவறு. சில நாள்களின் சராசரியை மீண்டும் எடுத்து, அது 1,600 என்றால் 1,900 என்ற இலக்கிலிருந்து தொடங்க வேண்டும். கீழே இறங்கத் தெரியாத இலக்கு நோயாளருக்கு உதவாது; விற்பனைக்கு வரும் செயலிகள் பல இதைக் கற்றுக்கொள்ளவில்லை.

நடக்கும்போது எவ்வளவு இளைப்பு வரலாம் என்பதற்கும் ஓர் அளவுகோல் உண்டு. ஸ்வீடன் உளவியலாளர் குன்னார் போர்க் வகுத்த, பூச்சியத்திலிருந்து பத்து வரையிலான அளவுகோலில், இளைப்பே இல்லாத நிலை பூச்சியம், தாங்கவே முடியாத நிலை பத்து. மூன்று அல்லது நான்கு வரை இளைப்பு ஏறுவது ஏற்கத்தக்கது. அது ஆபத்தின் அடையாளம் அன்று. அதற்கு மேல் போனால் நின்று, உதடுகளைக் குவித்து மெல்ல ஊதி மூச்சை வெளிவிட வேண்டும்; இப்படி ஊதுவது மூச்சின் வேகத்தைத் தணித்துத் தேங்கிய காற்று வெளியேற நேரம் தருகிறது. நெஞ்சுவலியோ தலைசுற்றலோ வந்தால் நடையை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பதும், ஆக்சிஜன் அளவு நடையில் சரிகிறதா என்று தொடக்கத்திலேயே சோதிக்க வேண்டும் என்பதும் இதனோடு சேர்ந்தவை.

சோதனைகள் சொல்வது

இந்த முறையின் பலனை மிகத் தெளிவாகக் காட்டியது சிலி நாட்டு ஆய்வு. லாரா மெண்டோஸாவின் குழு 2015இல் வெளியிட்ட அந்தச் சோதனையில், நாளுக்குச் சுமார் 4,000 அடி நடந்துகொண்டிருந்த 102 நோயாளர்கள் குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். நடக்கும்படி அறிவுரை இரு குழுக்களுக்கும் கிடைத்தது. நடைமானி ஒரு குழுவுக்கு மட்டும். மூன்று மாத முடிவில் அறிவுரை மட்டும் பெற்றவர்களின் நடை சராசரியாக 138 அடியே கூடியிருக்க, நடைமானியும் பெற்றவர்களின் நடை 3,080 அடி கூடியிருந்தது. வாழ்க்கைத் தரத்தை அளக்கும் கேள்வித்தாள்களிலும் முன்னேற்றம் தெரிந்தது. அறிவுரை என்பது எவ்வளவு சிறிய மருந்து என்பதற்கு அந்த 138 ஒரு சான்று.

லூவன், ஏதென்ஸ், லண்டன், எடின்பரோ, குரோனிங்கன், ஸூரிக் என ஐரோப்பாவின் ஆறு நகரங்களில் 343 பேரைக் கொண்டு நடந்து 2017இல் வெளியான சோதனையில், ஒரு குழுவுக்கு மட்டும் நடைமானியோடு கைப்பேசிச் செயலியும் வாரந்தோறும் திருத்தப்படும் இலக்கும் தேவைப்பட்டபோது தொலைபேசி அழைப்பும் சேர்ந்தன. பன்னிரண்டு வார முடிவில் இரு குழுக்களுக்கும் இடையே 1,469 அடி வேறுபாடு இருந்தது. கூடவே மூட்டு, தசை வலிகளும் நடந்தவர்களிடம் சற்றுக் கூடுதலாகவே இருந்தன.

ஆனால் அதே 2017இல் இங்கிலாந்தின் ஹேர்ஃபீல்டு மருத்துவமனையிலிருந்து வந்த முடிவு இதற்கு மாறானது. அங்கே 152 பேர் ஏற்கெனவே மேற்பார்வையுடன் கூடிய நுரையீரல் மறுவாழ்வுப் பயிற்சியில் இருந்தவர்கள்; அவர்களுள் ஒரு பாதியினருக்கு நடைமானியும் இலக்கும் கூடுதலாகத் தரப்பட்டும் எந்த மேலதிகப் பலனும் கிடைக்கவில்லை. பாஸ்டனைச் சேர்ந்த மரிலின் மாய் முன்னாள் படைவீரர்களிடையே இணையவழி நடத்திய திட்டத்திலோ, நான்காம் மாதம் 779 அடி முன்னணியில் இருந்தவர்கள் பன்னிரண்டாம் மாதம் மற்றவர்களோடு ஒன்றாகிவிட்டார்கள். பார்சலோனாவின் பூங்காக்கள், கடற்கரைகள், சதுக்கங்கள் வழியே கடினத்துக்கேற்ப நடைபாதைகளை வரைந்து கொடுத்த 'நகரப் பயிற்சி' என்ற ஆய்வு 407 பேரை ஓராண்டு தொடர்ந்தது. சேர்க்கப்பட்ட அனைவரையும் கணக்கில் எடுத்தபோது வேறுபாடு ஏதும் இல்லை; திட்டத்தை விடாமல் பின்பற்றியவர்களை மட்டும் எடுத்தபோது 957 அடி உயர்வு இருந்தது.

இவற்றை அருகருகே வைத்துப் பார்க்கும்போது, நடைமானியை ஒரு மருந்தாகக் கருதுவது பொருந்தாது என்று தோன்றுகிறது. மருந்து உட்கொண்டவரின் உள்ளே தானாக வேலை செய்யும். எண் அவ்வாறு செய்வதில்லை. தொடக்க அளவு, எட்டக்கூடிய இலக்கு, அந்த எண்ணைக் கேட்டுப் பதில் சொல்லும் ஒரு மனிதர் ஆகிய மூன்றும் இருந்த இடத்தில், இருந்தவரை, நடை கூடியது. கேட்பது ஓய்ந்தபோது, அல்லது பயிற்சியாளர் வேறு வகையில் அந்த வேலையை ஏற்கெனவே செய்துகொண்டிருந்தபோது, கருவியால் கூட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

எண்ணில் விழாத உழைப்பு

மேற்சொன்ன சோதனைகளில் பங்கேற்றவர்களுள் பெரும்பாலோர் புகையிலையால் நோயுற்ற நகரவாசிகள். இந்தியக் கிராமங்களில் இந்நோய்க்கு இன்னொரு வாயிலும் உண்டு. திருவள்ளூர் மாவட்டக் கிராமங்களில் புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதித்து 2011இல் வெளியான ஆய்வு, அவர்களுள் 2.44 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பதைக் கண்டது; நாளுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் சமையலில் கழித்தவர்களிடையே அது 3 விழுக்காடு. இத்தகைய பெண்ணின் இடுப்பில் நடைமானியை மாட்டினால் அது 2,700 என்றே காட்டக்கூடும். அம்மியில் அரைத்ததும் உட்கார்ந்து பாத்திரம் துலக்கியதும் கிணற்றில் நீர் இறைத்ததும் காலடிகள் அல்ல என்பதால் அந்த எண்ணில் வாரா; குடத்தைச் சுமந்து நடந்த தொலைவு வந்தாலும் சுமையின் எடை வராது. அவரை அசைவற்றவர் என்று அந்த எண்ணை வைத்து முடிவு செய்யும் மருத்துவர் பிழைபட்டவராவார். அவருடைய முதல் வாரக் கணக்கேட்டில் காலடி எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே அன்றைய வீட்டு வேலைகளுக்கு ஒரு பத்தியும், விறகடுப்பின் முன் கழிந்த மணிகளுக்கு இன்னொரு பத்தியும் இருக்க வேண்டும். முதல் இலக்கு 3,000 அடியாக இருப்பதற்கு முன், அந்த மூன்றாவது பத்தியின் எண்ணைக் குறைப்பதாக இருப்பதே முறை.